ஆட்டிசம்: மூளை ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமா? பெற்றோர் அறிய வேண்டியவை

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கும்பகோணம், பட்டுக்கோட்டை பக்கத்துக் கிராமங்களிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவமனைக்கு வரும் பெற்றோருக்கு எழும் கேள்வி இது: "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்ல?"

தெரியாது என்பதே இன்றைய பதில். ஏன்?

மூளையில் வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் மிக நுட்பமானது. பல நாடுகளின் எம்ஆர்ஐ படங்களைச் சேர்த்து எனிக்மா ஆய்வுக்குழு 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆட்டிசம் உள்ள 1,571 பேரும், இல்லாத 1,651 பேரும் ஒப்பிடப்பட்டனர். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மூளையின் மேலுறை முன்பக்கத்தில் சற்றே தடிமனாகவும், பக்கவாட்டில் சற்றே மெலிந்தும் இருந்தது. உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா போன்ற சில உள்பகுதிகள் கொஞ்சம் சிறியதாக இருந்தன.

அப்புறம் ஏன் கண்டுபிடிக்க முடியாது?

இவை சராசரிக் கணக்கு. இரண்டு ஊர்களின் நெல் மகசூலில் ஏக்கருக்கு ஒரு மூட்டை வித்தியாசம் இருக்கலாம். அதற்காக ஒரே ஒரு வயலின் மகசூலை வைத்து, அது எந்த ஊர் வயல் என்று சொல்ல முடியுமா? ஒரு குழந்தையின் ஸ்கேனும் அப்படித்தான்.

கைக்குழந்தைகளிடம் கண்டது என்ன?

அண்ணன் அல்லது அக்காவுக்கு ஆட்டிசம் உள்ள 106 குழந்தைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 6, 12, 24-வது மாதங்களில் ஸ்கேன் செய்தனர். 2017-ல் முடிவு வெளியானது. பின்னர் ஆட்டிசம் உறுதியான 15 குழந்தைகளுக்கு, முதல் பிறந்தநாளுக்கு முன்பே மூளை மேலுறையின் பரப்பு வேகமாக விரிந்திருந்தது. ஆனால், இது இன்னும் வழக்கமான மருத்துவமனைப் பரிசோதனையாக மாறவில்லை.

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-ல் வெளியிட்ட 'தரணி' கருச்சிசு மூளை வரைபடம், இத்தகைய வளர்ச்சி ஆய்வுகளுக்கு உதவக்கூடியது.

அப்போ எம்ஆர்ஐ எதுக்கு?

வலிப்பு வந்தாலோ, தலையின் அளவு வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, வேறு காரணம் உண்டா என்று பார்க்க மருத்துவர் எழுதிக் கொடுப்பார். சிறு குழந்தைகள் அசையாமல் படுக்க பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். அதனால் தேவையில்லாமல் எடுக்க வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

ஒரு வயதில் பெயருக்குத் திரும்புகிறதா, ஒன்றரை வயதில் பிடித்ததை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ காட்டுங்கள். குழந்தையின் நடவடிக்கையைப் பார்த்தும், பெற்றோரிடம் கேட்டும்தான் ஆட்டிசம் உறுதி செய்யப்படுகிறது.

"ஸ்கேன் நார்மல்தானே" என்று பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் ஆட்டிசம் இருக்கலாம்.