திருத்தணி வட்டாரத்தில் பள்ளியும் குடியிருப்பும்

திருத்தணி, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த மலைக்கோயில் நகரமாகும். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாக அறியப்படும் இவ்வூர், சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவிலும் அரக்கோணத்திலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவிலும் உள்ளது. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு எங்கே குடியிருப்பது என்பது இவ்வட்டாரக் குடும்பங்களுக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் கேள்வி. மற்ற ஊர்களில் இக்கேள்வி பள்ளியின் தூரத்தையும் தரத்தையும் பற்றியது. திருத்தணியில் அதனுடன் மொழியும் மாநில எல்லையும் சேர்ந்துகொண்டன.

பள்ளி ஊருக்கு வந்த காலம்

பழைய திண்ணைப் பள்ளிகளில் வீடும் பள்ளியும் வேறு வேறு இடங்களாக இருக்கவில்லை. ஆசிரியரின் வீட்டுத் திண்ணையோ கோயில் மண்டபமோ சத்திரமோ பள்ளியாக இருந்தது. ஆசிரியருக்கு நெல்லோ காசோ கொடுத்து ஊரார் அவரைத் தங்கவைத்தனர். குடும்பம் பள்ளியைத் தேடிப் போகவில்லை. ஆசிரியர் குடும்பங்களைத் தேடி வந்தார்.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பில், சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் கூறப்பட்டுள்ளது. பள்ளிகளின் எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் மாணவர் எண்ணிக்கை 2 லட்சத்தை எட்டவில்லை. பள்ளி ஊரில் இருந்தது என்பதால் ஊரிலிருந்த எல்லோரும் படித்தனர் என்று கொள்ள முடியாது. பெண் குழந்தைகளில் மிகச் சிலரே பள்ளிக்குச் சென்றனர். சேரிப் பிள்ளைகளுக்கு ஊர்த் திண்ணை பொதுவாகத் திறந்திருக்கவில்லை. எந்தத் தெருவில் வீடு என்பதே கல்வியை முடிவு செய்த காலம் அது.

பள்ளியைத் தேடிச் சென்ற காலம்

ஆங்கிலக் கல்வி அரசு வேலைக்கு வழியாக மாறியபோது இந்த நிலை மாறியது. உயர்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் சில நகரங்களில் மட்டும் இருந்தன. அவற்றுள் பலவற்றைக் கிறித்தவ மிஷன்கள் நடத்தின. அதே காலத்தில் இருப்புப்பாதையும் வந்தது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி ஓடியது. பின்னர் அரக்கோணத்திலிருந்து வடமேற்காகச் சென்ற பாதையில் திருத்தணி ஒரு நிலையமாயிற்று.

இக்காலத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் கல்விப் பயணம். இந்தியாவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான அவர், 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணிப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வீராசாமி, உள்ளூர் ஜமீனில் சிறிய வருவாய்ப் பணியில் இருந்தவர். தொடக்கக் கல்வி திருத்தணியில் முடிந்தது. 1896இல் திருப்பதியில் இருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்க்கப்பட்டார். 1900இல் வேலூர் ஊரிசுக் கல்லூரிக்கும், அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும் சென்றார். 1908இல் முதுகலைப் பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றிய ஆய்வுரையை எழுதினார்.

இந்தப் பாதையில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, எட்டு வயதிலேயே பிள்ளை ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. இரண்டாவது, குடும்பத்தின் வருமானம் இதற்குப் போதவில்லை. உதவித்தொகைகளே படிப்பைத் தாங்கின. நல்ல பள்ளியின் அருகில் வீடு வாங்கும் வசதி அன்று மிகச் சிலருக்கே இருந்தது. மற்றவர்கள் பிள்ளையை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விட்டனர். பிள்ளை தங்குவதற்கு நகரத்தில் உறவினர் இல்லாத குடும்பம், எவ்வளவு அறிவுள்ள பிள்ளையானாலும் பெரும்பாலும் தொடக்கப் பள்ளியோடு நிறுத்த நேர்ந்தது.

எல்லையும் பள்ளியின் மொழியும்

1911இல் சித்தூர் மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டபோது திருத்தணி அதில் சேர்ந்தது. அதற்கு முன் வடஆர்க்காடு மாவட்டத்திலும், நில உரிமையில் கார்வேட்டிநகர் ஜமீனிலும் அடங்கியிருந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய இப்பகுதியில் அலுவலக மொழியாகவும் பள்ளி மொழியாகவும் தெலுங்கு வலுப்பெற்றது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பயிலும் நிலை பல ஊர்களில் ஏற்பட்டது.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் மங்கலங்கிழார் முதன்மையானவர். அரக்கோணத்துக்கு அருகிலுள்ள புளியமங்கலத்தைச் சேர்ந்த இத்தமிழாசிரியர், வடஎல்லைப் பகுதி ஊர்களில் ஊதியமின்றித் தமிழ் கற்பித்தார். பள்ளி இருக்கும் இடத்துக்குக் குடும்பங்கள் நகர வேண்டிய காலத்தில், அவர் பழைய முறைப்படி ஆசிரியரே ஊர்களுக்குச் செல்லும் வழியைப் பின்பற்றினார்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்துடன் திருத்தணியும் அதில் சேர்ந்தது. 14 கி.மீ. தொலைவிலிருந்த அரக்கோணம் சென்னை மாநிலத்திலேயே நீடித்தது. அதுவரை அடுத்த ஊராக இருந்தது இப்போது அடுத்த மாநிலம். பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர் நியமனம், அரசு வேலைக்கான தகுதி ஆகிய அனைத்தும் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்ததாயிற்று. ம. பொ. சிவஞானம் தலைமையிலான தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குத் திருத்தணியில் கிடைத்த ஆதரவை இப்பின்னணியிலும் புரிந்துகொள்ளலாம். திருத்தணியின் வழக்கறிஞர் கே. விநாயகம் அப்போராட்டத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர்.

எல்லைச் சிக்கலைத் தீர்க்க எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், பெரும்பான்மையோர் பேசும் மொழி, நிலத்தொடர்ச்சி ஆகியவை அவர் கையாண்ட அளவுகோல்கள். அவரது பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது.

கிராமத்தை அலகாகக் கொண்டதால் தீர்வு எளிதாயிற்று. ஆனால் எந்தக் கிராமமும் ஒரே மொழியினரைக் கொண்டதன்று. திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் வாழ்ந்த தெலுங்குக் குடும்பங்கள் சிறுபான்மையினராயின. சத்தியவேட்டில் தமிழ்க் குடும்பங்கள் அந்நிலையை அடைந்தன. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறச் சிறுபான்மையினருக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006–07 முதல் ஒவ்வொரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி, 2015–16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அப்போது மொழிச் சிறுபான்மை மாணவர்கள் நீதிமன்றத்தின் வழியாக விலக்குக் கோரினர். 1950களில் தமிழ்ப் பெற்றோர் எழுப்பிய கேள்வியை, அரை நூற்றாண்டு கழித்துச் சிறுபான்மை மொழிப் பெற்றோர் எழுப்பினர் எனலாம்.

பள்ளி மீண்டும் அருகில் வருதல்

கு. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954–1963 காலத்தில், வீட்டிலிருந்து ஒரு மைல் தொலைவுக்குள் தொடக்கப் பள்ளி என்பது அரசின் இலக்காக இருந்தது. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1960இல் இணைந்த திருத்தணிப் பகுதியும் இத்திட்டங்களுக்குள் வந்தது. குடும்பம் நகர வேண்டிய கட்டாயம் தொடக்கக் கல்வி அளவில் குறைந்தது.

1964–66இல் செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு பகுதியில் வாழும் எல்லாக் குழந்தைகளும், சாதி, வருமானம் பாராமல் ஒரே அருகமைப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இப்பரிந்துரை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகியபின் பெற்றோரின் தேர்வு வேறு திசையில் சென்றது. அருகில் அரசுப் பள்ளி இருந்தும், ஆங்கில வழிப் பள்ளியின் வாகனம் வந்து நிற்கும் தெருவில் வீடு பார்ப்பது வழக்கமாயிற்று. சென்னைக்கும் திருத்தணிக்கும் இடையே ஓடும் புறநகர் மின்தொடர்வண்டி, வேலை ஓரிடத்திலும் வீடும் பள்ளியும் வேறிடத்திலுமாக வாழ்வதை இயலச் செய்தது.

வீட்டு விலையில் பள்ளியின் பங்கு

பள்ளியின் தரம் வீட்டின் விலையில் சேர்கிறது என்பது பொருளியலில் நன்கு ஆராயப்பட்ட செய்தி. மக்கள் தமக்கு வேண்டிய பொதுச் சேவைகள் உள்ள ஊரைத் தேர்ந்து குடிபெயர்கின்றனர் என்ற கருத்தைச் சார்லஸ் டீபோ 1956இல் முன்வைத்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளைச் சாண்ட்ரா பிளாக் ஒப்பிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால், பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதலாகத் தர முன்வருகின்றனர் என்பது 1999இல் வெளியான அவரது முடிவு. அங்கே முகவரியே பள்ளியை முடிவு செய்கிறது. இந்தியாவில் தனியார் பள்ளிக்குக் கட்டணமே முதல் வாயில் என்பதால் முகவரியின் பங்கு அந்த அளவுக்கு நேரடியானதன்று.

ஆயினும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முகவரிக்குப் புதிய மதிப்பைத் தந்தது. தொடக்கப் பள்ளி 1 கி.மீ. தொலைவுக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகள் 3 கி.மீ. தொலைவுக்குள்ளும் அமைய வேண்டும் என்று அதன் விதிகள் கூறுகின்றன. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் இவ்விடங்களுக்கான சேர்க்கையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவு கணக்கில் கொள்ளப்படுகிறது.

மனை வாங்குவோர் பள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுத்ததால் நேர்ந்த இடர்களும் உண்டு. விளைநிலங்கள் அங்கீகாரமின்றி மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டதை அடுத்து, அத்தகைய மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017இல் வரன்முறைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கோயில் நகரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோயிலுக்கு உரிய நிலத்தை இந்து சமய அறநிலையத் துறையின் இசைவின்றி விற்றுப் பதிவு செய்ய இயலாது. பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றைப் பார்க்காமல், பள்ளி வாயிலுக்கு அருகில் என்பதற்காக வாங்கிய மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காமற் போகலாம்.

திண்ணைப் பள்ளிக் காலத்தில் தெருவும், மிஷன் பள்ளிக் காலத்தில் உறவினர் வீடும், 1953க்குப் பின் எல்லைக்கோடும் திருத்தணிப் பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்தன. கல்வி உரிமைச் சட்டத்தின் 1 கி.மீ. அளவு இவற்றிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. அது வீட்டு உரிமையாளரையும் வாடகைக்குக் குடியிருப்பவரையும் வேறுபடுத்துவதில்லை.