தாய்ச் சிப்பியும் கொழுப்பு அமிலங்களும்

சினை பிடிக்கும் பருவத்தில் சிப்பியின் உடலில் சேரும் கொழுப்பு அமிலங்கள் இரண்டு காரணங்களால் மாறுகின்றன. ஒன்று, அது வடிகட்டி உண்ணும் நுண்பாசி. மற்றொன்று, அது வாழும் நீரின் வெப்பநிலை. முட்டையின் தரமும், அதிலிருந்து வரும் லார்வாவின் பிழைப்பும் இவற்றைச் சார்ந்தவை. குஞ்சு பொரிப்பகங்களில் தாய்ச் சிப்பியைப் பேணும் முறை முழுவதும் இந்த உறவை அறிந்ததால் உருவானதே.

தொடக்க வரலாறு

1879இல் அமெரிக்க விலங்கியலாளர் வில்லியம் கீத் புரூக்ஸ், செசபீக் விரிகுடாச் சிப்பியின் முட்டைகளை உடலுக்கு வெளியே கருவுறச் செய்து, அவை லார்வாவாக மாறுவதை நுண்ணோக்கியில் பார்த்தார். அந்த லார்வாக்களைக் குஞ்சுப் பருவம்வரை வளர்த்தெடுக்க அவரால் இயலவில்லை. அவற்றுக்கு ஏற்ற தீனி எது என்பதே அன்று தெரியாது.

அதற்கு விடை, ஐரிஷ் கடலிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் கிடைத்தது. போர்ட் எரின் கடலாய்வு நிலையத்தின் மீன் குட்டை நீரிலிருந்து மேரி பார்க் ஒரு நுண்பாசியைப் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் அளவு, பொன்பழுப்பு நிறம், நீந்துவதற்கு இரண்டு கசையிழைகள். சிப்பி லார்வாவின் சிறு வாய்க்குள் தடையின்றிப் போகும் உருவம் அது. புரூஸ், நைட் ஆகியோருடன் சேர்ந்து, பாசித் தீனியில் சிப்பி லார்வாக்களை வளர்த்த விவரத்தை அவர் 1940இல் வெளியிட்டார். 1949இல் அந்தப் பாசிக்கு ஐசோகிரைசிஸ் கல்பானா என்று பெயர் சூட்டினார். இந்த இனமும் இதன் உறவினங்களும் இன்றுவரை பொரிப்பகங்களின் முதன்மைத் தீனியாக இருக்கின்றன. சிப்பி வளர்ப்பு இந்தப் பெண்மணிக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

வெப்பநிலை பற்றிய ஆய்வும் இதே காலத்தில் வளர்ந்தது. ஐரோப்பியத் தட்டைச் சிப்பி, கடல்நீர் 15–16 டிகிரி செல்சியஸை எட்டும்போதே இனப்பெருக்கம் செய்யத் தொடங்குகிறது என்று இங்கிலாந்தின் ஆர்ட்டன் 1920இல் எழுதினார். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மில்ஃபோர்ட் ஆய்வகத்தின் விக்டர் லூசனாஃப், நடுக்குளிர்காலச் சிப்பிகளை வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சினை பிடிக்கச் செய்து, 1945இல் அதை அறிவித்தார். பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் அன்றோடு தீர்ந்தது.

தட்டைச் சிப்பியின் தாய் முட்டைகளைக் கடலில் விட்டுவிடுவதில்லை. கருவுற்ற முட்டைகள் பல நாள் அதன் ஓட்டுக்குள்ளேயே இருக்கும். ஓட்டைத் திறந்து பார்த்தால் முதலில் பால்போல் வெண்மையாகத் தெரியும் திரள், லார்வாக்களுக்கு ஓடு உருவாக உருவாகச் சாம்பலாகி, பிறகு கருஞ்சாம்பலாகும். வேல்ஸ் நாட்டின் கான்வி ஆய்வகத்தில் இத்தகைய தாய்ச் சிப்பிகளுக்குக் கூடுதலாகப் பாசி ஊட்டிப் பார்த்தார்கள். தீனி பெற்ற தாய் வெளியிட்ட லார்வாக்களில் கொழுப்பு மிகுந்திருந்தது. அவை வேகமாகவும் வளர்ந்தன. ஹெல்ம், ஹாலண்ட், ஸ்டீவன்சன் மூவரும் 1973இல் வெளியிட்ட இந்த முடிவு, தாயின் உணவுக்கும் சேயின் வலுவுக்கும் உள்ள தொடர்பை நிறுவியது.

உணவின் பங்கு

ஈபிஏ, டிஎச்ஏ ஆகிய இரண்டு ஒமேகா-3 அமிலங்களே இங்கு முக்கியமானவை. ஈபிஏயில் 20 கார்பன் அணுக்களும் 5 இரட்டைப் பிணைப்புகளும் உள்ளன. டிஎச்ஏயில் 22 கார்பனும் 6 இரட்டைப் பிணைப்புகளும். இவற்றைத் தேவையான அளவுக்குச் சிப்பி தானே ஆக்கிக்கொள்ள முடியாது. பாசியிலிருந்துதான் பெறவேண்டும்.

எல்லாப் பாசியும் இவற்றைத் தருவதில்லை. ஐசோகிரைசிஸில் டிஎச்ஏ மிகுதி, ஈபிஏ சொற்பம். இறால் பொரிப்பகத்தாருக்கும் பழக்கமான கீட்டோசெரஸ் போன்ற டயாட்டம்களில் ஈபிஏ மிகுதி, டிஎச்ஏ சொற்பம். டுனாலியெல்லா டெர்டியோலெக்டாவில் இரண்டுமே இல்லை. எளிதில் வளர்கிறது என்பதற்காக அதை மட்டும் ஊட்டினால் தாய்ச் சிப்பிக்கு இந்த அமிலங்கள் கிடைக்காது. இதனால்தான் பொரிப்பகங்களில் பாசிகளைக் கலந்து தருகிறார்கள். ஒரு நாளுக்கான தீனி, பொதுவாகச் சிப்பிச் சதையின் உலர் எடையில் 2 முதல் 4 சதவீத அளவு உலர்பாசி.

முட்டையில் கொழுப்பு இரு வடிவில் இருக்கிறது. ட்ரைகிளிசரைடு, லார்வா தானாக உண்ணத் தொடங்கும்வரை தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு. பாஸ்போலிப்பிடு, செல் சவ்வின் கட்டுமானப் பொருள். பிரான்சின் பிரித்தானிக் கரையில் ஃபிலிப் சூடான் குழுவினர் பெரிய விசிறிச் சிப்பிக்கு வெவ்வேறு பாசிகளை ஊட்டி ஆராய்ந்து, 1996இல் முடிவுகளை வெளியிட்டனர். சேமிப்புக் கொழுப்பு, தின்ற பாசியின் தன்மையையே பெரிதும் காட்டியது. சவ்வுக் கொழுப்பு அவ்வளவு எளிதில் மாறவில்லை. டிஎச்ஏயைத் தாய் அங்கே தேர்ந்து சேர்த்துவைத்தது.

வெப்பநிலையின் பங்கு

இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் கொழுப்பு அமிலச் சங்கிலி வளைகிறது. வளைந்த சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட முடியாததால், குளிரிலும் செல் சவ்வு இறுகிப்போகாமல் நெகிழ்வாக இருக்கும். ஆகவே நீர் குளிரும்போது சிப்பியின் சவ்வுகளில் நிறைவுறா அமிலங்கள் கூடுகின்றன. நீர் சூடாகும்போது குறைகின்றன.

சினை முதிரும் வேகமும் வெப்பத்தைப் பொறுத்ததே. பசிபிக் சிப்பிக்கு ஆய்வாளர் ரோஜர் மான் 1979இல் ஒரு கணக்குத் தந்தார். 10.55 டிகிரிக்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரியையும் நாள்தோறும் கூட்டிவந்தால், 592 ஆகும்போது சினை முதிர்ந்திருக்கும். இதன்படி 20 டிகிரி நீரில் சுமார் 63 நாள் ஆகும். 16 டிகிரியில் 109 நாள். ஆனால் தீனி போதாமல் நீரை மட்டும் சூடாக்கினால், சிப்பி தன் கிளைக்கோஜன் இருப்பைக் கரைத்துச் சினை பிடிக்கும். முட்டையில் கொழுப்பு குறையும். முட்டை எப்போது வரும் என்பதை வெப்பம் முடிவுசெய்கிறது. அது எத்தகைய முட்டை என்பதைத் தீனிதான் முடிவுசெய்கிறது.

வெப்பக் கடல்களில் நிலைமை வேறு. தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கியபோது, லார்வாக்களுக்கு ஐசோகிரைசிஸே தீனியானது. அங்கு உணவுக்கான சிப்பியின் தாய்களை முதலில் குளிர்ந்த நீரில் வைத்துப் பேணி, பிறகு நீரைச் சூடாக்கி முட்டையிடத் தூண்டும் முறை கையாளப்பட்டது.

இன்றைய நிலை

 கடல் சூடேறும்போது பாசிகள் ஆக்கும் ஒமேகா-3இன் அளவு குறையக்கூடும் என்பது ஆராயப்பட்டு வருகிறது.