உறி நம்ம வீட்டுப் பொருள்



பொங்கல் விளையாட்டுப் போட்டின்னா பிள்ளைகள் முதலில் கேட்பது உறியடிதான். ஆனால் உறின்னா என்னன்னு கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் எங்க ஆச்சி அடுப்படியில் கயிற்றால் பின்னிய உறி தொங்கும். தயிர்ச்சட்டி, மோர்க்கலயம், குழம்புச்சட்டி எல்லாம் அதில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாது, காற்றோட்டமாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கும் எட்டாது. ருசியான பண்டம் கண்ணுக்கு முன்னால் தொங்கினால் பிள்ளைகள் சும்மா இருக்குமா?

உறி பழைய பொருள். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்று ஒரு பகுதி வருகிறது. மதுரையில் ஆயர் குலத்து மாதரி, குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை என்று பார்த்து, ஏதோ கெட்டது நடக்கப் போகுதுன்னு பயந்து, கண்ணனை நினைத்துப் பெண்களைக் குரவைக் கூத்து ஆட வைக்கிறாள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார், வெண்ணெய் திருடும் கண்ணனை யசோதை நிலையில் இருந்து பாடினார். அந்தக் கண்ணன் பிறந்த கிருஷ்ண ஜெயந்திக்குத்தான் கோயில்களில் உறியடி நடக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் வரகூர் உறியடி பேர்போனது. மும்பையில் ஆள்மேல் ஆள் ஏறித் தயிர்ப்பானையை உடைக்கிறார்கள். மெக்சிகோ நாட்டிலும் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, மிட்டாய் நிரப்பித் தொங்கவிட்டதைக் கம்பால் அடிக்கிறார்கள். அதற்குப் பேர் பினாட்டா.

எங்க லைன் வீட்டு மைதானத்தில் பானைக்குள் மஞ்சத்தண்ணி இருக்கும். கண்ணைக் கட்டி, மூணு சுத்து சுத்திவிட்டுக் கம்பைக் கொடுப்பாங்க. கயிற்றைப் பிடிச்சிருக்கிறவர் பானையை ஏத்தி இறக்கி ஏமாத்துவார். சுத்தி நிற்கிறவங்க சொல்ற திசையை நம்பித்தான் அடிக்கணும்.

நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப எங்களுக்குக் கோலப்போட்டியும் லெமன் ஸ்பூனும் மட்டும்தான். உறியடிக்குப் பேர் கொடுக்கப் போனேன். "பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குக் கம்பு?" என்று அனுப்பிட்டாங்க. அழுதுகிட்டு வந்த என்னிடம் ஆச்சி, "ஏட்டி, உறி பின்னுனது யாரு, அதுல தயிர்ப்பானைய வச்சது யாரு? அவனுவளா?" என்று கேட்டா. அந்தக் கேள்வி மனசிலேயே கிடந்தது.

பல வருஷம் கழிச்சு எங்க குழு பொங்கல் போட்டி நடத்தியது. பெண்பிள்ளைகளும் உறி அடிக்கலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சில பெரியவங்க முகம் சுளிச்சாங்க. என் மகள் மூணு அடியும் காற்றில் அடிச்சா. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரே அடியில் பானையை உடைச்சா. முகம் சுளிச்சவங்களும் கைதட்டினாங்க.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட காடு எங்க மாஞ்சோலை. அந்தக் கெடு 2028-ல் முடியுது. பல குடும்பங்கள் இப்பவே மலையை விட்டு இறங்கியாச்சு. எங்கே போனாலும் இந்த ஆட்டத்துக்கு ஒரு கயிறும் பானையும் கம்பும் போதும். பெண்பிள்ளைகள் கையிலும் கம்பைக் கொடுங்க. சின்னப்பிள்ளை அடிக்க வந்தால் மட்டும் கயிற்றைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க.