நீலகிரித் தைலம்

யூக்கலிப்டஸ் குளோபுலஸ் மரத்தின் இலையை நீராவியில் வடித்து எடுக்கும் எண்ணெய். யூக்கலிப்டஸ் தைலம் என்றும் வழங்கும். நீரில் மிதக்கும், விரைவில் ஆவியாகும். மணத்துக்கும் மருந்துக் குணத்துக்கும் காரணம் அதிலுள்ள சினியோல்.

இன்று பாட்டி வைத்தியமாகவே எண்ணப்பட்டாலும், இது தமிழகத்துக்கு வந்து இருநூறு ஆண்டு ஆகவில்லை. ஆனால் சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளில் ஒன்றான வேது, அதாவது ஆவி பிடித்தல், மிகப் பழையது. தஞ்சாவூர்ப் பகுதியின் பூதலூர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து ஊர்களில் சளிக்கு நொச்சி இலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் ஆவி பிடிப்பார்கள். தைலம் பிற்பாடு அந்தப் பானையில் விழுந்த துளி.

மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. பிரெஞ்சுத் தாவரவியலாளர் லபியார்தியேர் 1792இல் டாஸ்மேனியாவில் இதைக் கண்டார். இந்தியாவில் முதலில் நட்டவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. திப்பு சுல்தான் 1790 வாக்கில் நந்தி மலையில் நட்டதாகச் சொல்லப்படுகிறது. நீலகிரிக்கு 1843இல் கேப்டன் காட்டன் கொண்டுவந்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. முறையான தோட்டங்கள் 1856இல் தொடங்கின. நோக்கம் மருந்தன்று, விறகு. மலையில் குடியேறிய வெள்ளையர்களுக்காகச் சோலைக்காடுகள் வெட்டப்பட்டு, விறகுக்குத் தட்டுப்பாடு வந்திருந்தது. வேகமாக வளரும் இந்த மரம் அதைத் தீர்த்தது, ஆனால் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டது.

எண்ணெய் வடிப்பதை மெல்போர்ன் அருகே ஜோசப் போசிஸ்டோ 1850களில் தொழிலாக்கினார். ஊட்டி, கோத்தகிரிப் பகுதிகளில் அது குடிசைத் தொழிலாக வேரூன்றியது. தைலம் காய்ச்சும் கொட்டகையில் பெரிய செப்புக் கொப்பரை அடுப்பேறும். கழித்த கிளைகளின் இலையையும் உதிர்ந்த இலையையும் அதில் திணித்து, நீரூற்றி மூடிவிடுவார்கள். குழாய்வழி வரும் ஆவி தண்ணீர்த் தொட்டிக்குள் குளிர்ந்து சொட்டும், மேலே மிதப்பதை வழித்தெடுப்பார்கள். வடித்து முடிந்த இலைச்சக்கை காய்ந்ததும் அடுத்த ஈட்டுக்கு எரிபொருளாகும். நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய்தான் தேறும். பனி படர்ந்த காலையில் அந்தக் கொட்டகை வாசனை சாலை வளைவு தாண்டியும் வரும்.

பின்னர் இது தலைவலித் தைலங்களுக்குள் புகுந்தது. 1893இல் தொடங்கிய அமிர்தாஞ்சனமும், சிங்கப்பூரிலிருந்து வருவோர் காவிரி டெல்டா ஊர்களுக்குக் கொண்டுவரும் கோடாலித் தைலமும் தெரிந்த சான்றுகள்.

வெளிப்பூச்சாகவும் ஆவியாகவும் பயன்படுத்தினால் மூக்கடைப்பு, உடல்வலி தணிவதாக உணர்கிறார்கள். சளியை விரைந்து குணமாக்குமா என்பதற்கு வலுவான சான்று இல்லை. பாதுகாப்பில் தயக்கத்துக்கு இடமே இல்லை: இதைக் குடிக்கக் கூடாது. ஒரு தேக்கரண்டி உள்ளே போய்க் குழந்தைகள் மயங்கியதும் வலிப்பு கண்டதும் பதிவாகியுள்ளன. குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே மருத்துவமனை போக வேண்டும். கைக்குழந்தையின் மூக்கருகிலோ முகத்திலோ தடவினால் மூச்சுக்குழல் இறுகலாம். தோலில் தடவுவதானால் தேங்காயெண்ணெயில் கலந்தே தடவ வேண்டும். முகர்ந்த அளவிலேயே சிலருக்கு வலிப்பு வந்ததைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்டனர். வலிப்பு நோயாளிகள் இதைத் தவிர்ப்பது நல்லது. ஆவி பிடிக்கும் கொதிநீர் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதும் உண்டு. சிறு பிள்ளைகளைப் போர்வைக்குள் தனியே விடவே கூடாது.

2021 கொரோனா அலையில் ஆவி பிடித்தல் பெருகியது. பொது இடங்களில் கூட்டமாகப் பிடிக்க வேண்டாம் என்று மாநில நலவாழ்வுத் துறை அமைச்சர் கேட்டுக்கொண்டார்.

தஞ்சாவூர் அருகே செங்கிப்பட்டி மேட்டுநிலங்களில் நிற்கும் தைலமரம் காகித ஆலைகளுக்காக வளர்க்கப்படும் வேறு யூக்கலிப்டஸ் இனம். அதன் இலையில் சினியோல் பெரும்பாலும் குறைவு.