பேரிடர்க் காலச் சிகிச்சை முன்னுரிமை

காயமடைந்தோர் பலராகவும், மருத்துவரும் மருந்தும் ஆக்சிஜனும் சொற்பமாகவும் இருக்கும் நேரத்தில் யாரை முதலில் கவனிப்பது என்று தீர்மானிக்கும் முறை. மருத்துவமனைகளில் இதை ட்ரையேஜ் என்பார்கள். வகைபிரித்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் ழான் லாரே (1766–1842) பதவியையும் நாட்டையும் பாராமல், காயத்தின் கடுமையை மட்டும் பார்த்துச் சிகிச்சை அளித்தார். இம்முறையின் அறம் அங்கே தொடங்குகிறது.

விபத்துக் களங்களில் இன்று பரவலாக உள்ள ‘ஸ்டார்ட்’ முறை 1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவானது. நடக்க முடிந்தவருக்குப் பச்சை அட்டை. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, சொன்னதைச் செய்ய இயலாவிட்டாலோ சிவப்பு. எஞ்சியோருக்கு மஞ்சள். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வராதவருக்குக் கருப்பு, அதாவது அவரை விட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். வேறொரு நாளில் அந்த ஒருவருக்காக ஒரு மருத்துவக் குழுவே போராடியிருக்கும்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸின் மெமோரியல் மருத்துவமனையை வெள்ளம் சூழ்ந்தது, ஜெனரேட்டர்களும் நின்றன. ‘உயிர்ப்பிக்க முயல வேண்டாம்’ என்ற குறிப்பு உள்ள நோயாளிகளைக் கடைசியாக வெளியேற்றுவது என மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தனர். இதயம் நின்றால் மீட்க வேண்டாம் என்பதே அக்குறிப்பின் பொருள். வெள்ளத்தில் கடைசி ஆளாக விட்டுச்செல்ல அது அனுமதி ஆகாது. பின்னர் அங்கிருந்து 45 உடல்கள் எடுக்கப்பட்டன. மருந்து செலுத்திச் சிலரின் மரணத்தை விரைவுபடுத்தியதாக ஒரு மருத்துவரும் இரு செவிலியரும் 2006இல் கைதாயினர். 2007இல் பெருநடுவர் குழு அம்மருத்துவர்மீது குற்றம் சாட்ட மறுத்தது. மின்சாரமற்ற கட்டடத்தில், உறக்கமின்றி நின்றவர்களிடம் இத்தகைய முடிவை விட்டதே முதல் தவறு.

கோவிட் தொற்றின்போது, 2020 மார்ச்சில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வயது வரம்பு வைக்க நேரலாம் என இத்தாலிய மயக்கவியல் மருத்துவர் சங்கம் அறிவித்தது. வயதைவிட, பிழைக்கும் வாய்ப்பே நேர்மையான அளவுகோல். கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளோரை வென்டிலேட்டர் வரிசையில் பின்னுக்குத் தள்ள இடம் தந்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 2010இல் எழுதிய வழிகாட்டி. அது எவரும் படிக்கக் கிடைத்ததால் மாற்றுத்திறனாளி அமைப்புகள் புகார் கொடுத்தன. 2020 ஏப்ரலில் அந்த வழிகாட்டி விலக்கிக்கொள்ளப்பட்டது.