பிஜி சேர்ந்த பிறகு பிராஞ்ச் பிடிக்கலையா? மீண்டும் நீட் எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீங்கள் கேட்டது ரேடியாலஜி. ரேங்குக்குக் கிடைத்தது வேறு. "வந்த சீட்டை விடாதே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள், சேர்ந்துவிட்டீர்கள். ஆறு மாதம் கழித்து, 'இதையா வாழ்நாள் முழுக்கச் செய்யப் போகிறோம்?' என்ற கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறது. இப்போது என்ன வழி?

உள்ளேயே பிராஞ்ச் மாற முடியுமா?

முடியாது. முதுநிலை மருத்துவ மாணவர்கள் இடையில் வேறு கல்லூரிக்கு மாறுவதைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. வேறு துறை வேண்டுமென்றால் நீட் பிஜியை மறுபடியும் எழுதி, கவுன்சலிங் வழியாகத்தான் வர வேண்டும். பழைய மதிப்பெண் உதவாது. அது அந்த ஆண்டு சேர்க்கைக்கு மட்டும்தான். புதிய துறையில் 3 ஆண்டுகளும் முதலிலிருந்து தொடங்கும்.

தேர்வில் 200 கேள்விகள், மொத்தம் 800 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். வயது உச்சவரம்பு கிடையாது. எய்ம்ஸ், ஜிப்மர், நிம்ஹான்ஸ் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஐஎன்ஐ-செட் தனி வாய்ப்பு.

சீட்டை விட்டால் என்ன ஆகும்?

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சேரும்போது கையெழுத்திட்ட பாண்டை முதலில் எடுத்துப் படியுங்கள். தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல லட்சம் வரை போகும். வாங்கிய ஸ்டைபெண்டைத் திருப்பிக் கேட்கும் இடங்களும், மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. பணம் கட்டும்வரை அசல் சான்றிதழ்கள் கைக்கு வராமல் போகலாம்.

இந்த பாண்டைக் கைவிட்டு, அதற்குப் பதிலாக ஓராண்டு சேர்க்கைத் தடை விதிக்கலாம் என்று 2024 ஜனவரியில் தேசிய மருத்துவ ஆணையம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அது பரிந்துரைதான். உங்கள் மாநிலம் ஏற்றதா என்பதை உங்கள் ஆண்டுக்கான கையேட்டில் பாருங்கள்.

டி.என்.பி. என்றால் கூடுதல் கவனம் தேவை. இடையில் விட்டால், அந்தப் படிப்பின் முழுக் காலம் முடியும்வரை வேறு டி.என்.பி. இடத்தில் சேர முடியாது.

எப்போது விலகுவது?

கவுன்சலிங்கின் தொடக்கச் சுற்றுகளில், குறித்த தேதிக்குள் விலகினால் இழப்பு குறைவு. பிந்தைய சுற்றுகளில் சேர்ந்தவர்களுக்கு அந்த ஆண்டு வேறு வழி அநேகமாக இருக்காது. எம்சிசி மூலம் கிடைத்த சீட் என்றால், ராஜினாமாவைக் கல்லூரி எம்சிசி தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். கடிதம் மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் செல்லாது.

பிடிக்காதது துறையா, இடமா?

இதை உங்களிடமே நேர்மையாகக் கேளுங்கள். 36 மணி நேர டியூட்டியும் சீனியரின் திட்டும் எந்தத் துறையிலும் இருக்கலாம். அதே துறையில், வேறு மருத்துவமனையில் வேலை செய்யும் ஒருவரிடம் பேசுங்கள். அவருடைய ஒரு நாள் உங்களுக்குப் பிடித்திருந்தால், பிரச்சினை துறை இல்லை. மனம் மிகவும் சோர்ந்திருந்தால் முடிவைக் கொஞ்சம் தள்ளிவைத்து, முதலில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். அழைப்பு இலவசம்.

இருக்கும் துறையிலிருந்தே வேறு பக்கம் போகும் வழிகளும் உண்டு. கிரிட்டிக்கல் கேர் டி.எம். படிப்புக்குப் பொது மருத்துவம் மட்டுமல்ல, மயக்கவியல் முடித்தவர்களும் போகலாம். மெடிக்கல் ஆன்காலஜிக்குக் கதிரியக்கச் சிகிச்சை முடித்தவர்களும் தகுதியானவர்கள்.

கடைசியாக ஒன்று. சீட்டை விட்டுவிட்டுப் படிப்பதா, சீட்டில் இருந்தபடியே படிப்பதா? இரண்டாவதில் படிக்க நேரம் குறைவு. ஆனால் ரேங்க் வராவிட்டாலும் கையில் ஒரு இடம் இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் பாண்ட் தொகை, தடைக் காலம், இழக்கும் ஆண்டுகள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் மனசு மாறவில்லை என்றால், தயங்காமல் விண்ணப்பியுங்கள்.