நிறம் தந்த உலோகமும் நீர் கெட்ட ஊரும்

கொழும்பில், கொட்டாஞ்சேனையை அடுத்த செட்டியார் தெருவுக்கு நகை வாங்கச் செல்வோர் கெம்பின் சிவப்பையும் மரகதத்தின் பச்சையையும் பார்த்து மகிழ்வர். இவ்விரு நிறங்களையும் தருவது பெரும்பாலும் ஒரே உலோகம் என்பதைப் பலர் அறியார். அது குரோமியம். நிறமற்ற குருந்தத்தில் அது சிறிதளவு கலந்தால் கெம்பு. பெரில் என்னும் கனிமத்தில் கலந்தால் மரகதம்.

1797ஆம் ஆண்டு சைபீரியாவின் செந்நிற ஈயக் கனிமத்தை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் வொக்கலின் இத்தனிமத்தைக் கண்டறிந்தார். இதன் சேர்மங்கள் பல வண்ணங்களில் அமைவதால், நிறம் எனப் பொருள்படும் 'குரோமா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பிறந்தது. அணு எண் 24. உருகுநிலை ஏறத்தாழ 1907 பாகை செல்சியஸ். கடினமான இந்த வெண்ணிற உலோகத்தின் மேல், காற்றுப் பட்டதும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உருவாகி உள்ளே துரு ஏறாமல் காக்கிறது. உருக்கில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் சேர்ந்தாலே அது துருவை எதிர்க்கும் சில்வராகிறது.

வெள்ளவத்தையிலிருந்து சென்னைக்குச் சென்றுவரும் நம்மவர்கள் பலர் குரோம்பேட்டையைக் கடந்திருப்பர். அவ்வூர்ப் பெயரும் இவ்வுலோகம் தந்ததே. குரோமிய உப்பினால் தோல் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே இயங்கியது. மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோமிய முறையில் ஓரிரு நாட்களில் பதமாகிவிடும்.

பதனிட உதவுவது குரோமியத்தின் மூன்றாம் ஒட்சியேற்ற நிலை. கெம்பில் இருப்பதும் அதுவே. ஆனால் அந்த உப்பைத் தயாரிக்க, முதலில் ஆறாம் நிலையிலுள்ள டைகுரோமேற் வேண்டும். அது நீரில் எளிதிற் கரையும், உயிர்க்கலங்களுள் புகும், மூச்சுடன் சென்றால் நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கும். வட ஆர்க்காட்டின் இராணிப்பேட்டையில் குரோமேற் தயாரித்த ஆலையொன்று 1990களில் மூடப்பட்டது. இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட அதன் கழிவோ பல்லாண்டுகள் அங்கேயே குவிந்துகிடந்து, மழைநீருடன் நிலத்தடிக்கு இறங்கியது.

தோல் தொழிற்சாலைகளால் பாலாற்றுப் பகுதி மாசுபட்டது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெற்காசியச் சுற்றாடல் சட்ட வரலாற்றில் அது ஒரு மைல்கல். எனினும் இழப்பீட்டைப் பணமாக அளக்கலாம். கிணற்றில் இறங்கிய மஞ்சள் நீரை எந்தத் தீர்ப்பாலும் இறைத்து முடிக்க இயலாது. ஆலைக்கு அனுமதி வழங்கும் நாளிலேயே கழிவு எங்கே போகும் எனக் கேட்டிருக்க வேண்டும்.